மலையிலிருந்து வந்த காப்பி

எனக்குக் காப்பி ஆகாது. ஒரு மிடறு குடித்தாலும் நெஞ்சு எரியும். காலையில் ஒரு சட்டி பழஞ்சிக் கஞ்சியும் இரண்டு காந்தாரி மிளகாயும் போதும், மத்தியானம் வரை பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்துவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்றைக்கும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதற்கு இது ஒன்றுதான் காரணம்.

என் மனைவிக்குக் காப்பி இல்லாமல் பொழுது விடியாது. கோட்டாற்றுக் கடைத்தெருவில் பிறந்தவள். அவள் அப்பாவுக்கும், அவருக்குப் பிறகு அண்ணனுக்கும் மலைச்சரக்கு வியாபாரம். மிளகு, சுக்கு, ஏலம், காப்பிக்கொட்டை. காப்பி வறுபடுகிற வாசனையில் தொட்டில் ஆடியவள் என்று அவளைக் கேலி செய்வேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து புதுக்கடைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் ஓர் ஓலைக்கூரை வாடகை வீட்டில் குடிவைத்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம். யுத்தம் முடிந்து வருஷங்கள் ஆகியும் பஞ்சம் மட்டும் முடியவில்லை. ரேஷனில் வந்த அரிசியில் பாதி கல். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனுமாகக் காலம் ஓடியது. ஆரம்பப் பள்ளி வாத்தியார் வீட்டில் காப்பிக்கொட்டை என்பது மனதால் நினைத்து மகிழ்கிற சாமான்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவளுடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தங்கை கொடுத்த சுக்கு வெள்ளத்தைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, மாசம் ஒரு படி கொட்டை குடுத்து விடட்டா? கடையில கெடக்கத்தான் செய்யுது," என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். பெண் கொடுத்த வீட்டுச் சோற்றில் வாழ்கிறான் என்று ஊரில் ஒரு வாய் சொல்லிவிட்டால் போதாதா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வேண்டாம் மச்சான். நமக்கு மலையில இருந்தே வருது. பேச்சிப்பாறைக்கு மேல தோட்டத்துல எனக்கு சித்தப்பா முறையில ஒருத்தர் இருக்காரு. இந்த மாசம் கொஞ்சம் பிந்திப்போச்சு, அவ்வளவுதான்."

அப்படி ஒரு சித்தப்பா பிறக்கவே இல்லை. அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் போனபிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தப்பா சுகமா இருக்காரா? சித்திக்கு முட்டுவலி எப்படி உண்டு?" என்று ஒரு வாரம் என்னைக் கொன்று எடுத்தாள்.

சொன்ன பொய்க்குச் சரக்கு வேண்டுமே. அடுத்த முறை மச்சான் வரும்போது தம்ளரில் கறுப்பாக ஏதாவது இருந்தாக வேண்டும். அந்த நாட்களில் இல்லாதப்பட்டவர்கள் வீட்டில் பொன்னாவரை விதையை வறுத்து இடித்துக் காப்பிபோலக் காய்ச்சுவது உண்டு. நாங்களும் அப்படித் தொடங்கினோம். கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் நாக்கு கொஞ்சம் ஏமாறும். அவளும் "சவம், குடிச்சுக் குடிச்சுப் பழகிப்போச்சு" என்றாள். வீட்டைச் சுற்றியிருந்த பொன்னாவரையை இரண்டு மாதத்தில் தீர்த்துவிட்டோம்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் கடலோரத்தில் இருந்தது. வருகிற வழியெல்லாம் மணலில் கிலுகிலுப்பைச் செடி மஞ்சளாகப் பூத்து நிற்கும். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை உருண்டு சலங்கை மாதிரி சத்தம் போடும். ஒரு நாள் சாயங்காலம் அதை உடைத்துப் பார்த்தேன். பளபளவென்று வழவழப்பான விதை. பொன்னாவரையும் நெற்றுதான், இதுவும் நெற்றுதான், அதை வறுத்துக் குடிக்கிற ஊரில் இதை வறுத்தால் என்ன என்று தோன்றியது. பிள்ளைகளுக்குச் செடிகொடிப் பாடம் நடத்துகிற வாத்தியாரல்லவா, யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

"இத ஆரும் திங்கதில்லியே," என்றாள் அவள்.

"பாடம் எடுக்கது நானா நீயா?"

அவள் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். வறுத்தபோது பொன்னாவரையைவிட நல்ல கறுப்பு வந்தது. அவளுக்கு ருசியும் பிடித்துப்போனது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, விளக்கு வைக்கும் முன் ஒன்று. நான் பழஞ்சியைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

மச்சான் அடுத்த தடவை வந்தபோது பெரிய தம்ளர் நிறையக் கொடுத்தோம். ஆற்றி ஆற்றி முழுவதையும் குடித்தார். "மலைக் காப்பிக்கு ஒரு தனி ருசிதான் மாப்ள," என்றார். வியாபாரியின் நாக்கையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. புறப்படும்போது பிறந்த வீட்டு வழக்கப்படி தங்கையிடம் ஒரு பொதியைக் கொடுத்தார். பலகாரம், பூ, ஏதோ இருக்கும். அதையெல்லாம் எட்டிப் பார்க்கிறவன் நான் இல்லை என்பதும் என் கௌரவத்தில் சேர்த்தி. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டு, ஒரு பொதியையும் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு வருஷம் சென்றிருக்கும். கிணற்றடியிலிருந்து ஒரு குடம் வெள்ளத்தை அவளால் ஒரே மூச்சில் கொண்டுவர முடியவில்லை. நடுவில் மாமரத்தடியில் இறக்கி வைத்து நின்றாள். விசேஷமாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நாங்கள் இரண்டு மாதம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தோம். அவள் ஒரு தொட்டில் கயிறுகூட வாங்கி வைத்தாள். விசேஷம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே துடைப்பத்தோடு விழுந்தாள். தூக்கிப் பார்த்தால் உதடு நாவல்பழம் தின்றவள் உதடுபோல நீலம் பாய்ந்து கிடந்தது. பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். கழுத்து நரம்பு புடைத்துத் துடிப்பது தூரத்திலிருந்தே தெரியும்.

வைத்தியர் வந்து நாடி பார்த்தார். உடம்பில் குளிர் ஏறிவிட்டது, சூடாகக் கொடுங்கள் என்றார். எங்கள் வீட்டில் சூடாக இருந்தது ஒன்றுதான். நானே அடுப்பு மூட்டினேன். சுக்கைக் கூடுதலாகத் தட்டிப்போட்டு, ஒரு கரண்டிப் பொடி அதிகம் சேர்த்து, நானே காய்ச்சினேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நாளைக்கு ஐந்து முறை கொடுத்தேன். மூச்சு வாங்க வாங்கக் கொடுத்தேன். தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன்.

கடைசியில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். தேங்காய்ப்பட்டணத்து வண்டிக்காரர் ஒருவர், சாயிபு, தன்னுடைய மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் புதுக்கடை வரை கொண்டுவிட்டார். அங்கிருந்து பஸ். மச்சானுக்கு முன்னமே கடிதம் போட்டிருந்தேன், ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். தங்கையைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் நிதானமான மனிதர். குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார். மறுநாள் எங்கள் மூவரையும் அறைக்குள் கூப்பிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னார். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாய்கள் உள்ளுக்குள் தடித்துச் சுருங்கிப்போனதுபோலத் தெரிகிறது. அடைபட்ட வாய்க்காலில் தண்ணீரைத் தள்ளுகிற மாதிரி இதயம் தள்ளித் தள்ளி, அதன் வலது பக்கம் வீங்கிவிட்டது. இந்த வயதில் இப்படி வரக் காரணம் வேண்டும், அதுதான் பிடிபடவில்லை. இப்படிச் சொல்லிவிட்டுப் படத்தைக் கீழே வைத்தார்.

"சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா?"

இல்லை என்றாள்.

"புகையில் வேலை? கயிறு, சுண்ணாம்பு, இப்படி ஏதாவது?"

இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "வீட்டில் ஏதாவது இலை, வேர், விதை, கசாயம் வெகுநாளாகச் சாப்பிடுவதுண்டா? யோசித்துச் சொல்லுங்கள். சாதாரணமாகத் தெரிகிற பொருளாகக்கூட இருக்கலாம்."

விதை என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது. கிலுகிலுப்பை என்று நாக்கு நுனிவரை வந்தது. மச்சான் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணலில் பொறுக்கிய விதையைத்தான் உங்கள் தங்கைக்குக் காப்பி என்று கொடுத்தேன் என்று அவர் முதுகுக்கு எதிரே எப்படிச் சொல்வது?

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். காப்பி குடிப்பா. மலையில இருந்து வாற நல்ல கொட்டை," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நீர் இறங்க ஊசியும், இதயத்துக்கு மாத்திரையும் கொடுத்தார். ஒரு வாரத்தில் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். தக்கலை தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டர்ட்ட அந்த வெதயச் சொல்லியிருக்கலாம், இல்லியா?"

"என்னத்துக்கு? ஊரெல்லாம் பொன்னாவரை குடிக்கு. எவன் செத்தான்?"

"இது பொன்னாவரை இல்லியே."

"நீ பேசாம வா. மூச்சு வாங்குது," என்று எரிந்து விழுந்தேன். பக்கத்து ஸீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்த ஒரு கோபத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் என்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பேன்.

ஆகவே மறுபடியும் காய்ச்சினேன். சந்தேகம் இருந்ததா என்றால் இருந்தது. சந்தேகப்பட்டால் நான் செய்தது இன்னதென்று ஆகிவிடும், அதனால் சந்தேகப்படாமல் இருந்தேன். அவளும் நீட்டியதை வாங்கிக் குடித்தாள்.

கால் மறுபடியும் வீங்கி, இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலை வண்டிக்காரர் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். சுவரோரம் சாக்கு விரித்து நான் பறித்துப் போட்ட நெற்று காய்ந்துகொண்டிருந்தது. மாடு கழுத்தை நீட்டி அதில் வாய் வைக்கப் போனது. அந்த மனிதர் சாட்டையைப் போட்டுவிட்டுக் குதித்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த வேகத்தில் மாடு ஓர் ஆள் தூரம் பின்னால் போனது.

"என்ன சாரே இது, முற்றத்துல வெசத்தக் காயப் போட்டிருக்கியோ? எனக்க வலிய காளை இதத் தின்னுதான் போச்சு. செடி பச்சையா நிக்கும்போ தின்னுச்சு, ஒண்ணும் செய்யல்ல. மாசம் ரெண்டு கழிஞ்சு மூச்சு வாங்கி, தாடையும் நெஞ்சும் வீங்கி, நின்ன நெலையில விழுந்துச்சு. மணலு பக்கத்துல மாடு மேய்க்கவன் எல்லாருக்கும் தெரியுமே!"

மாடு மேய்க்கிறவன் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாத்தியாருக்குத் தெரியவில்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பாயில் கிடந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றபோது என் காலைத் தொட்டு, "வண்டி நிக்குது, போலாம்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மச்சான் வருவதற்குள் டாக்டரின் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பாவைக்கூட விடவில்லை. அவர் பழைய தாளை எடுத்து, நல்ல கொட்டை என்று தான் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். அதை அடித்துவிட்டு மேலே எழுதினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"இனி?"

"நிறுத்துங்கள். ஆனால் தடித்துப்போன குழாயைத் திரும்ப மெலிய வைக்க என்னிடம் மருந்து இல்லை. இருக்கிற மூச்சைக் காப்பாற்றப் பார்க்கலாம்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பல வருஷம் கழித்து, வேறோர் இதய டாக்டரிடம் இதைக் கேட்டேன். அந்தச் செடியின் விஷம் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுப்பது மாடு, குதிரைகளில் தெரிந்த விஷயம், மனிதரிலும் அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா என்றார். என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார். அந்த இரக்கத்தை நான் கையில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவோடு பொடியைக் கொண்டுபோய் இனயம் கடலில் எறிந்தேன். வழியில் கண்ட செடியையெல்லாம் பிடுங்கினேன். கை கிழிந்து ரத்தம் வந்தது. அங்கே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாத்தியாருக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிடுங்கப் பிடுங்கக் கடற்கரை நெடுக அது பூத்துக் கிடந்தது.

அதன்பின் நான்கு மாதம் இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும், ஆகவே சுவரில் தலையணை வைத்துச் சாய்த்து வைத்திருப்பேன். வயிற்றில் நீர் கட்டிவிட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இரண்டு மூச்சு எடுப்பாள். கும்பிடாத கோவில் இல்லை. அய்யா கோவிலான பதியில் போய் நின்று மண் வாங்கி வந்து பூசினேன். மாதாகோவிலில் மெழுகுதிரி கொளுத்தினேன், தைக்காவில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கினேன். எந்தச் சாமியிடமும் உண்மையைச் சொல்லாமல், காப்பாற்று என்று மட்டும் கேட்டேன்.

ஒரு நாள் அவளிடம், "மச்சான்ட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்," என்றேன்.

"வேண்டாம்," என்றாள். மூச்சு எடுத்தாள். "சொன்னா... ரெண்டுபேருக்கும் தாங்காது."

அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை நட்டுச்சி வெயில் நேரத்தில், நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பியபோது, சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தாள்.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குக் கோட்டாற்றிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது வழக்கம். முறுக்கு வைத்தார்கள், அவியல் வைத்தார்கள், கொழுக்கட்டை வைத்தார்கள். அவளுடைய அத்தை முறையுள்ள ஒருத்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

"வாத்தியாரே, பிள்ளைக்குக் காப்பின்னா உயிராச்சே. ஒங்க மலைக் காப்பிப் பொடி எங்க இருக்கு? ஒரு தம்ளர் காய்ச்சி வைக்கணும்."

கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் அந்த இடத்தில் உடைந்தது. "அது காப்பியில்ல," என்றேன். யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சத்தமாக, "அது காப்பியே இல்ல," என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். மச்சான் எழுந்துவந்து என் தோளைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிலுகிலுப்பை, வண்டிமாடு, டாக்டர் அடித்து எழுதியது. அவர் என்னை அடிப்பார் என்று நின்றேன். அடிக்க வேண்டும் என்று நின்றேன்.

"காப்பி இல்லேன்னு எனக்கு முதல் நாளே தெரியும் மாப்ள," என்றார். "பதினஞ்சு வயசுல இருந்து கொட்டைய மோந்து மோந்து வெல சொல்லுத மூக்காக்கும் இது. பொன்னாவரைன்னு நெனச்சேன். எல்லாரும் குடிக்கதுதானேன்னு இருந்துட்டேன்."

"டாக்டர் கேக்கும்போ நீங்க நின்னியளே மச்சான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க மலைக் கொட்டைன்னு சொன்ன பொறவு, தங்கச்சிக்க மாப்பிள்ளைய டாக்டருக்க முன்னால வச்சு பொய்யன்னு நான் எப்படிச் சொல்ல?" அவர் குரல் உடைந்தது. "சன்னலப் பாத்து நின்னேன். அதத்தான் செஞ்சேன்."

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அது காப்பி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கௌரவத்துக்காக மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ரெண்டுபேருக்கும் தாங்காது என்று அவள் சொன்னது எங்கள் இரண்டு பேரையும்தான்.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வாறப்பல்லாம் பொதியில குடுத்துட்டுப் போன காப்பிப் பொடியையாவது குடிச்சாளா?" என்று கேட்டார்.

"என்ன பொடி?"

நான் வீட்டுக்குள் போய் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், வாங்கி வைத்த தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில், ஐந்து பொதிகள் இருந்தன. வாழைநாரால் கட்டிய முடிச்சு ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. ஒன்றைப் பிரித்திருந்தாலும் அதன் வாசனை எனக்குத் தெரிந்திருக்கும். அண்ணனுக்கு என் பொய் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஒரு பொதியை அவிழ்த்து அத்தையிடம் கொடுத்தேன். வாசனை மங்கிப் பழசாகிப்போன பொடி. அதைத்தான் காய்ச்சி அவளுக்குப் படைத்தோம்.